டில்லியை விட்டு எந்த ஊருக்கு? கோவை, ஓசூர், திருச்சி, மைசூரு, நெல்லை: ஒரு வீட்டுக் கணக்கு

2024 நவம்பர் 18ஆம் தேதி டில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. அளவுகோலே 500இல் முடிந்துவிடுகிறது. மயூர் விகாரில் எங்கள் பால்கனியில் நின்று பார்த்தால் எதிர்க் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. பள்ளிகளை மூடி, வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒரு கையால் நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி, மறு கையால் கணக்கு வகுப்புக்கு வருகைப் பதிவு செய்துகொண்டிருந்தான். மனைவி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பதினான்கு ஆண்டு டில்லி வாழ்க்கை அன்றைக்கே முடிந்துவிட்டது. சாமான் கட்டத்தான் ஆறேழு மாதம் பிடித்தது.

எங்கே போவது என்பதில்தான் அந்த ஆறேழு மாதமும் போயிற்று. நான் நொய்டாவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். மனைவி சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவள். மகனுக்குக் குளிர்காலம் வந்தால் இளைப்பு. காற்று நன்றாக இருக்க வேண்டும், இருவருக்கும் வேலை வேண்டும், வாடகை கழுத்தை நெரிக்கக் கூடாது. மூன்றே நிபந்தனைகள். மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்து கிடைப்பது, பத்துப் பொருத்தமும் பொருந்துகிற ஜாதகம் கிடைப்பதைப் போல என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

சென்னையையும் பெங்களூருவையும் முதல் வாரத்திலேயே நீக்கிவிட்டோம். இரண்டிலும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. டில்லிக்காரன் கண்ணுக்குக் காற்றும் பரவாயில்லை. சென்னைக்குக் கடற்காற்று ஒரு வரம், மணலி, எண்ணூர்ப் பக்கம் தவிர. ஆனால் வேலை இருக்கும் பகுதியில் வீடு எடுத்தால் டில்லி வாடகையையே கொடுக்க வேண்டும். தள்ளி எடுத்தால் தினமும் மூன்று மணி நேரம் சாலையில், வண்டிப் புகைக்கு நடுவில். அதற்கு டில்லியிலேயே மெட்ரோ ரயில் இருக்கிறதே.

மிஞ்சியவை ஐந்து: கோவை, ஓசூர், திருச்சி, மைசூரு, நெல்லை.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியைத் திறந்து, பச்சை நிறம் காட்டும் ஊர்களையெல்லாம் குறித்துக்கொண்டேன். பச்சை என்றால் சுத்தம் என்று நினைப்பு. பிறகுதான் அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நம் நாட்டு அளவுகோலில் குறியீடு 50 வரை "நல்லது". நுண்துகள் கணக்கில் சொன்னால், பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கான வரம்பே 15தான். நம் பச்சையின் மேல் எல்லை அந்த வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஆண்டுச் சராசரியில் இடைவெளி இன்னும் பெரிது: நம் தரநிலை 40, அவர்களுடையது 5. இந்த ஐந்து ஊர்களில் எதுவும் அந்த ஐந்தை எட்டாது. டில்லியின் ஆண்டுச் சராசரி 100ஐ ஒட்டி இருக்கிறது என்பதை நினைத்தால், தெற்கே எந்த ஊருக்கு வந்தாலும் லாபம்தான். ஆனால் "டில்லியை விட மேல்" என்பது ஒரு தகுதியா?

அடுத்து, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. டில்லியில் நாற்பது அளவில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நாங்கள் பார்த்த ஊர்களில் அவற்றை விரல்விட்டு எண்ணலாம். 2025 ஜனவரியில், நாட்டிலேயே சுத்தமான காற்று திருநெல்வேலியில்தான், குறியீடு 33 என்று செய்தி வந்தது. என் மாமனார் உடனே தொலைபேசியில் அழைத்து, "நம் நெல்லையப்பர் ஊர்தான் முதலிடம்" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கருவி, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் காற்றைத்தான் அளக்கும். நாம் குடியிருக்கப்போகும் தெருவின் கதை வேறாக இருக்கலாம்.

இன்னொரு பட்டியலும் உண்டு. தேசிய தூய காற்றுத் திட்டம் 2019இல் தொடங்கியது. அதில் காற்று மாசைக் குறைக்க வேண்டிய 131 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. கர்நாடகத்தில் பெங்களூரு அதில் இருக்கிறது, மைசூரு இல்லை. கோவையும் ஓசூரும் இல்லை. பட்டியலில் இல்லாததால் காற்று சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திருச்சி பட்டியலில் இருப்பதால் அங்கே மூச்சு முட்டும் என்றும் இல்லை. அங்கே பெரும் குற்றவாளி சாலைப் புழுதி. புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். புகையில் வரும் நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போவது.

ஆகவே எண்களை மூடிவைத்துவிட்டு நேரில் போனோம். ஒவ்வோர் ஊரிலும் நான்கு நாள், டிசம்பரிலும் ஜனவரியிலும். ஆடியிலும் ஆவணியிலும் போனால் எந்த ஊர்க் காற்றும் நன்றாகத்தான் இருக்கும். காற்று அசையாத குளிர்கால விடியலில்தான் ஊரின் உண்மை முகம் தெரியும். காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் நடந்தோம். தங்கிய அறையின் ஜன்னல் விளிம்பை ஈர வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி துடைத்துப் பார்த்தோம். இது என் அம்மா சொன்ன யோசனை. துணியில் செம்மண் நிறம் வந்தால் புழுதி, கரி நிறம் வந்தால் புகை. ஆய்வுக்கூடத்தில் செல்லாது. ஆனால் எங்களுக்கு மிகவும் உதவியது.

வேலை விஷயத்திலும் எங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். "இந்த ஊரில் வேலை கிடைக்குமா?" என்று கேட்டால் ஐந்து ஊருமே கிடைக்கும் என்றுதான் பதில் சொல்லும். அந்த வேலை போய்விட்டால், வீட்டையும் பள்ளியையும் மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போக முடியுமா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் முடிவு. நாற்பதைத் தாண்டியவனுக்கு முதல் வேலை ஊரைக் காட்டும். இரண்டாவது வேலைதான் ஊரில் இருக்கவிடும்.

இந்தக் கேள்வியில் முதலில் விழுந்தது, நான் மிகவும் ஆசைப்பட்ட இடம். நெல்லையிலிருந்து மேற்கே தென்காசிப் பக்கம் போனால் குற்றாலக் காற்று. வாடகையைக் கேட்டால் சிரிப்பு வரும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஏழாயிரம் சொன்னார்கள். மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடாவின் சூரிய மின்தகடு ஆலை வந்திருக்கிறது. மென்பொருள்காரர் என்றால் தென்காசியை யோசிக்காமல் இருப்பது மடமை. ஆனால் என்னைப் போன்றவனுக்கு ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு நூறு கிலோமீட்டருக்கு அப்பால். மனைவி ஒரே வரியில் முடித்தாள்: "ஓய்வு பெற்ற பிறகு வரலாம்."

மைசூருவிலும் அதே சிக்கல்தான், கொஞ்சம் மென்மையாக. துணியில் கறை மிகக் குறைவாக வந்த ஊர் இதுதான். அகலமான சாலைகள், மரங்கள், சாமுண்டி மலைப் பக்கத்திலிருந்து வரும் காற்று. 2015, 2016 ஆண்டுகளில் நாட்டின் தூய்மையான நகரம் என்று பெயர் வாங்கிய ஊர், அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. இன்ஃபோசிஸ் வளாகம், டயர் ஆலை, மண் தோண்டும் இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். என்று முதல் வேலைக்கு இடம் உண்டு. இரண்டாவது வேலைக்குப் பெங்களூரு போக வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச்சாலை இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. தினமும் போய்வர முடியாது. டில்லித் தமிழ்ப் பள்ளியில் தமிழ் படித்து வந்த பையனுக்கு ஏழாம் வகுப்பில் கன்னடத்தை அ, ஆவிலிருந்து தொடங்கவும் மனமில்லை. இன்னும் சிறிய குழந்தையாக இருந்திருந்தால் நான் மைசூருவுக்கே போயிருப்பேன். ஒரு மொழி கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

திருச்சி எங்கள் வீட்டில் சண்டையையே கிளப்பியது. மாமியார் இப்போது ஸ்ரீரங்கத்தில் தன் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. காவிரித் தண்ணீர். கே.கே. நகரில் பதினோராயிரத்துக்கு நல்ல வீடு. 2024 ஜனவரியில் திறந்த விமான நிலைய முனையத்தைப் பார்த்தால் ஊர் வளர்கிறது என்றும் தெரிகிறது. வந்தே பாரத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சென்னை. இவ்வளவு வசதியும் மலிவும் சேர்ந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் துவாக்குடிப் பக்கம் இரண்டு நாள் சுற்றியபோது என் உற்சாகம் இறங்கிவிட்டது. அங்குள்ள கட்டுமானப் பட்டறைகளும் வெல்டிங் கூடங்களும் பெல் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலையை நம்பிப் பிறந்தவை. 1960களில் வந்த அந்த ஆலை கொதிகலன் ஆர்டர்களைப் பிரித்துக் கொடுத்த காலத்தில் ஊரே செழித்தது. அனல்மின் நிலைய ஆர்டர்கள் வறண்ட பத்தாண்டில் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. இப்போது மறுபடி வேலை வருகிறது என்றார்கள். நம்புகிறேன். ஆனால் நூறு பட்டறைகள் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வாடிக்கையாளர் என்றால், அங்கே இருப்பது நூறு வேலை அல்ல, ஒரே வேலை. பொன்மலை ரயில்வே பணிமனையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் அரசுத் தேர்வு எழுதிப் போக வேண்டிய இடங்கள். என் வயதுக்கு அந்த வாசல் இல்லை. எனக்குச் சொன்ன சம்பளம் ஐம்பத்தைந்தாயிரம், நொய்டாவில் கைக்கு வந்தது தொண்ணூற்றைந்து.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் பங்குனி முதல் ஆனி வரை ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. காற்று சுத்தமாக இருந்து என்ன பயன், அதை வெளியே நிறுத்திவிட்டு ஏ.சி. அறையில் இருந்தால்? மனைவி இதை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் போட்டி ஓசூருக்கும் கோவைக்கும்தான். காகிதத்தில் ஓசூர் ஜெயித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ஆண்டு முழுவதும் மின்விசிறியில் காலம் தள்ளலாம். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலெக்ட்ரானிக்ஸ், இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான உதிரிபாக ஆலைகள். என் தொழிலுக்கு இரண்டாவது வேலை மட்டுமல்ல, ஐந்தாவது வேலையும் சிப்காட் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் போதாதென்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் பதினைந்து கிலோமீட்டர் போல.

மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஓசூரில் எனக்கு எண்பத்து நாலாயிரம், மனைவிக்குப் பதினெட்டாயிரம், வாடகை பதினாறாயிரம், மீதி எண்பத்தாறு. கோவையில் எனக்கு எழுபத்திரண்டு, மனைவிக்கு இருபத்து நாலு, வாடகை பதினாலு, மீதி எண்பத்திரண்டு. திருச்சியில் மனைவிக்குச் சொன்ன பதினைந்தாயிரத்தையும் சேர்த்து, வாடகை போக ஐம்பத்தொன்பதுதான். இவை எங்களுக்குச் சொன்ன தொகைகள் மட்டுமே. உங்கள் தொழிலுக்கும் அனுபவத்துக்கும் கணக்கு மாறும். ஓசூர் மாதம் நாலாயிரம் முன்னால் நின்றது.

அந்த நாலாயிரம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன். நாங்கள் தங்கியது தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கம். இரவெல்லாம் கனரக லாரிகள், துணியில் கரி. சாலையிலிருந்து விலகி, பூந்தோட்டங்கள் பக்கம் போனால் காற்று அருமையாக இருந்தது, ஆனால் பள்ளி தூரம். ஒரு மாலை கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். பெங்களூருவின் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணையாற்றின் தண்ணீர் மதகுக்கு வெளியே வெள்ளை நுரையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பையன் பனி என்று நினைத்துக் கைநீட்டினான். ஆற்று நுரைக்கும் மூச்சுக் காற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் பக்கத்து மாநகரம் வீங்க வீங்க இந்த ஊர் எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

முடிவைத் தீர்த்தது மருத்துவர் விஷயம். குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவர் யார் என்று ஓசூரில் விசாரித்தபோது, கேட்ட ஐந்து பேரும் பெங்களூரு மருத்துவமனைகளின் பெயரையே சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்குப் பையனுக்கு இழுப்பு வந்தால் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓட வேண்டும். நாலாயிரம் ரூபாய் அதற்கு ஈடாகாது. இளைப்பு இல்லாத வீடு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓசூர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி கோவை. இந்த ஊரின் காற்றுக்கு ஒரு பூகோளக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை ஊரைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகும். அந்த நான்கு மாதம் கோவைக்காரர்கள் காற்றைப் பற்றிப் பெருமை பேசுவது நியாயம்.

கார்த்திகை, மார்கழியில் பெருமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மேல்காற்று நின்றுவிடுகிறது. விடியற்காலையில் புகை தரையோடு படுத்துக் கிடக்கிறது. கணபதி, குறிச்சிப் பக்கம் பவுண்டரிகள் இருக்கும் தெருக்களில் எங்கள் துணி கறுத்தது. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் நாற்றம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்துப் பல பகுதிகளுக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்து எரிந்ததை ஊரில் இன்னும் பேசுகிறார்கள். நாங்கள் போன சமயம் அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வாயைத் திறந்தால் சிமெண்ட். அந்தப் பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டது.

ஒரே ஊருக்குள் இரண்டு காற்று. மேற்கே வடவள்ளி, மருதமலை, வேளாண் பல்கலைக்கழகம் பக்கம் ஒன்று. கிழக்கிலும் தெற்கிலும் ஆலைகள் பக்கம் மற்றொன்று. தடாகம் பள்ளத்தாக்கில் இருந்த செங்கல் சூளைகளை 2021இல் மூடியதால் வடமேற்கும் தேறிவிட்டது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். கோவை நல்லதா என்று யாராவது கேட்டால், எந்தக் கோவை என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது வேலைக் கேள்விக்கு இந்த ஊர் சொன்ன பதில்தான் எங்களை உட்கார வைத்தது. பம்ப், மோட்டார், நூற்பாலை இயந்திரம், வால்வு, வார்ப்படம், மாவு அரைக்கும் கிரைண்டர், வாகன உதிரிபாகம். ஒன்று படுத்தால் மற்றொன்று எழுந்து நிற்கிறது. ஒரே முதலாளியை நம்பி ஊர் வளரவில்லை. ஆயிரம் சின்ன முதலாளிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஜாப் ஒர்க் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். சம்பளம் குறைவு. பேரம் பேசுவதில் கில்லாடிகள். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் மாதம் பிறந்தால் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஓர் ஆள் வேண்டும். எனக்கு முன்பே மனைவிக்கு இரண்டு இடத்தில் வேலை சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் சம்பாதிக்கும் குடும்பம் ஊரைத் தேடும்போது, அதிகச் சம்பளக்காரரின் வேலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவு தவறு என்று அன்று புரிந்தது.

சிக்கல் ஒன்று இருந்தது. எனக்கு வேலை பீளமேட்டில். நல்ல காற்று வடவள்ளியில். நடுவில் காந்திபுரமும் அதன் நெரிசலும். பீளமேட்டிலேயே வீடு எடுத்தால் வாடகை இருபதாயிரம், காற்றும் சுமார். என் பயணம் போக வர ஒன்றரை மணி நேரம் என்றாலும், பையன் நாளில் இருபத்து நாலு மணி நேரமும் மூச்சு விடுவது வீட்டையும் பள்ளியையும் சுற்றித்தான். அவன் பக்கம் வீடு, என் பக்கம் அலைச்சல் என்று முடிவு செய்தோம்.

வடவள்ளியில் பதினேழு வீடு பார்த்தோம். மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும் என்று தரகர் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்றிக் காட்டினார். நான் மலையைப் பார்க்கவில்லை, கீழே தெருமுனையைப் பார்த்தேன். கறுத்த மண் தெரிந்தால் அங்கே தினமும் குப்பை எரிக்கிறார்கள் என்று பொருள். பருவக் காற்று, பூகோளம், பட்டியல் எல்லாம் இருந்தும், ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் எரிந்தால் மயூர் விகாரும் வடவள்ளியும் ஒன்றுதான். மூன்று நல்ல வீடுகள் அதனாலேயே போயின. பதினேழாவது வீட்டின் தெருவில் கறுப்பு இல்லை. முனையிலிருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "இங்கே யாரும் எரிப்பதில்லை சார். எதிர்வீட்டு அம்மா விடமாட்டார்" என்றார். அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

ஜூன் மாதம் குடிவந்தோம். மூன்றாம் நாள், சாமான் பிரித்த அட்டைப் பெட்டிகளை வாசலில் குவித்து வைத்துவிட்டு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "எரித்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. திங்கட்கிழமை வண்டி வரும்" என்றார்.